ஒரு கோடிப் பாதை

கேரள லாட்டரிச் சீட்டில் திம்மராயனுக்கு ஒரு கோடி விழுந்துவிட்டது என்று அப்பாஸ் சொன்னதும் ஜெயமணி புருஷனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "நீ சீட்டு வாங்குவியா?" என்பதுதான்.

ஓசூரில் பாகலூர் ரோட்டோரத்து ரோஜாத் தோட்டத்தில், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுசுக்குள் அவள் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கத்திரி, மார்போடு அணைத்த மறுகையில் ஒரு கத்தை சிவப்பு ரோஜா. வேலை நேரத்தில் வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆனால் லாரி டிரைவர் அப்பாஸ் பாத்திகளுக்கு நடுவே ஓடி வந்தான். அவன் பின்னால் அவள் புருஷன் திம்மராயன். வந்தவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கம்பெனிச் சரக்கை லாரியில் ஏற்றி இறக்கியே முறுக்கேறிப்போன உடம்பு அது. அது இப்படித் துவண்டு அவள் பார்த்ததில்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே முதலில் நினைத்தாள்.

"அண்ணி, மொதல் பரிசு அண்ணி! நேத்து ரிசல்ட்டு. இன்னைக்கு லோடு ஏத்தறப்பதான் போன்ல பாத்தம். வாளையார் பார்டர் டீக்கடைல நான் பாக்கத்தான் அண்ணன் வாங்குனாரு."

ஜெயமணி அப்பாசைப் பார்க்கவில்லை. தரையில் இருந்தவனைத்தான் பார்த்தாள்.

"எத்தன நாளா இந்தப் பழக்கம்?"

"கஞ்சிக்கோட்டுக்கு லோடு போறப்பல்லாம் ஒண்ணு," என்றான் திம்மராயன் மெதுவாக.

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா வுடுவியா?"

விடமாட்டாள்தான். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் ஆட்டம் நின்றபாடில்லை. கேரளச் சீட்டின் கடைசி மூன்று எண்ணைச் சொல்லிப் பணம் கட்டும் திருட்டு ஆட்டம், பஸ் ஸ்டாண்டுச் சந்துகளிலும் கம்பெனி வாசல் டீக்கடைகளிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஜெயமணியின் தம்பி அதில்தான் போனான். முதலில் பைக் போனது, அப்புறம் ஆட்டோ, அப்புறம் பெண்டாட்டியின் தாலி, கடைசியில் பெண்டாட்டி. இப்போது ஊத்தங்கரைப் பக்கம் ஏதோ செங்கல் சூளையில் கிடக்கிறான் என்று கேள்வி. பேண்ட் சட்டை போட்ட ஆபீசர்களும் ஆடத்தான் ஆடினார்கள். அவர்கள் தோற்றால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தம்பி மாதிரி ஆள் தோற்றால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். அதனால் சீட்டு என்ற பேச்சே அவள் வீட்டில் கிடையாது.

"சண்டைய அப்புறம் போடலாம் அண்ணி. மொதல்ல நீங்களே பாருங்க," என்று அப்பாஸ் ஒரு பாலிதீன் உறையை நீட்டினான். உள்ளே திம்மராயனின் ஆதார் அட்டையோடு சேர்ந்து அந்தச் சீட்டு இருந்தது. மறுகையில் போனைப் பிடித்துக் காட்டினான்.

ஜெயமணி ரோஜாக்களைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சீட்டில் ஒரு எண், போனில் ஒரு எண் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தாள். பக்கத்துப் பாத்திகளில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். கடைசி எண்ணும் ஒன்றாகவே இருந்தது. அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை.

"எத்தனையோ லச்சம் சீட்டு அச்சடிப்பாங்க இல்ல?"

"ஆமா அண்ணி."

"அதுல ஒண்ணு இவன் கைக்கா?"

வெட்டவெளியில் போகிறவள் தலையில் ஒரே ஒரு மழைத்துளி விழுந்தால் எப்படி அண்ணாந்து பார்ப்பாளோ, அப்படி அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

கூட்டத்தைக் கண்டு சூப்பர்வைசர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் பாதியில் இறங்கிவிட்டது. அன்று காலைவரை அவளை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்டவன், "அக்கா, நீங்க வேணும்னா லீவு எடுத்துக்கோங்க அக்கா," என்றான். பணம் இன்னும் கைக்கு வரவே இல்லை. ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது என்ற சேதிக்கே ஒரு ஆம்பிளையின் தொண்டை இப்படி மாறுமா என்று அவளுக்கு ஆச்சரியம் தாளவில்லை.

அப்பாஸ்தான் லாரி முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தான். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பாலக்காட்டில் ஒரு பேங்குக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வரி போக மீதி வந்து சேரக் கொஞ்ச நாள் ஆனது. அந்த நாட்களில்தான் ஜெயமணி உலகத்தைப் புதிதாகப் பார்த்தாள்.

காலனிக்குள் கார்கள் வந்தன. ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் வந்தான், கோவில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், மனை புரோக்கர்கள் வந்தார்கள். மத்திகிரிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று ஒருவன் போனில் படம் காட்டினான். ஜெயமணி அந்தப் படத்தை மறுபடி மறுபடி காட்டச் சொன்னாள். தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்தும் மழையில் நனைந்தும் பிள்ளை வளர்த்தவள் அவள். மகள் மணிமேகலை டிப்ளமோ முடித்துவிட்டு, செல்போன் பாகம் செய்யும் கம்பெனிக்குக் காண்டிராக்டில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை. அதை நினைத்தாலே ஜெயமணிக்கு நெஞ்சு நிறைந்தது.

இன்னொன்றும் நடந்தது. காலனி ஆண்கள் வேலைக்குப் போகும் வழியில் மூணு நம்பருக்குப் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். "திம்மனுக்கு வுழுந்துச்சே, எனக்கு வுழாதா?" என்பதுதான் பேச்சு. ஜெயமணி குழாயடியில் நின்று கத்தினாள். "எந்தம்பி கதிய வந்து பாருங்கடா! இவனுக்கு வுழுந்தது அதிசயம். அதிசயத்த நம்பி எவனாச்சும் அடுப்ப மூட்டுவானா?" சிலர் நிறுத்தினார்கள். சிலர் அவள் கண்ணில் படாமல் கட்டினார்கள்.

திம்மராயன் மட்டும் எதிலும் ஒட்டாமல் இருந்தான். வழக்கம்போல லோடு ஏற்றப் போனான். வருகிறவர்களுக்கெல்லாம், "பாக்கலாங்க," என்ற ஒரே பதில். சாயங்காலம் வந்தால் கால்வாய் மேட்டில் போய் நின்றுகொண்டு எதிரே இருந்த வயலையே பார்த்தான். பணம் வந்தால் மனுஷன் இப்படி ஆகிவிடுவானோ என்று அவள் பயந்தாள்.

பேங்கில் பணம் ஏறிய வாரம், "பொடவ மாத்திக்க. பெரிய வூட்டுக்குப் போவணும்," என்றான்.

பெரிய வீடு என்றால் சென்னகிருஷ்ணனின் வீடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலமெல்லாம் அவருடையது. சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொஞ்சம், கல்யாண மண்டபத்துக்குக் கொஞ்சம் என்று விற்றது போக இன்னும் மீதி இருந்தது. ஜெயமணியின் மாமியார் நஞ்சம்மா அந்த வயல்களில் களை எடுத்தே காலத்தைக் கழித்தவள். மனை வாங்கத்தான் போகிறோம் என்று ஜெயமணி எண்ணினாள். இருந்ததிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள்.

வாசலில் செருப்பை விட்டார்கள். அந்த வீட்டுக்குள் அவள் அதுவரை போனதில்லை. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போனாலும் பின்பக்கக் கொட்டகையோடு சரி. சென்னகிருஷ்ணன் சோபாவில் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். "கூச்சோ," என்று வாயில் வந்ததைப் பாதியில் நிறுத்தி, "உக்காரு... உக்காருங்க," என்றார். திம்மராயனிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ரெண்டு எழுத்தைத் தேடி எடுக்க அவர் பட்ட பாட்டை ஜெயமணி பார்த்தாள். சிரிப்பும் வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது. கண்ணாடி டம்ளரில் காப்பி வந்தது. அவர் மகன் ராஜ்குமாரும் வந்து உட்கார்ந்தான். பெங்களூரில் படித்தவன். திம்மராயனைவிட வயதில் சின்னவன், ஆனாலும் சின்னப் பிள்ளையிலிருந்தே "டேய் திம்மா" என்று கூப்பிட்டவன். இன்று எந்தப் பெயரும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னா எடம் பாக்கறீங்க?" என்று சென்னகிருஷ்ணன் கேட்டார். "ரோட்டு மேலயே நல்ல மனை இருக்குது."

திம்மராயன் காப்பியைத் தொடவில்லை. "மனை வேணாங்க. கால்வா ஓரத்து வயல்ல எனக்கு ஒரு துண்டு வேணும். ரோட்டுலருந்து சுடுகாடு வரைக்கும். ஒரு லாரி போற அகலம்."

ஜெயமணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. காலனிக்கும் அவர்கள் சுடுகாட்டுக்கும் நடுவில் கிடந்தது சென்னகிருஷ்ணனின் வயல். சுற்றிப் போக வேறு வழி கிடையாது. வயலுக்குள் பாடை போகக்கூடாது என்பது அவர் அப்பா காலத்திலிருந்து இருந்த கட்டு. வயலை ஒட்டி ஓடும் கெலவரப்பள்ளி அணைக் கால்வாய் அரசாங்கத்துடையது. ஆகவே காலனியில் யார் செத்தாலும் ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கித்தான் நடந்தார்கள். தண்ணீர் இல்லாத காலத்தில் சேறு. தண்ணீர் விட்ட காலத்தில் இடுப்புக்கு மேல். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெங்களூரிலிருந்து சேலம் போகிற பஸ் ஓசூர் வழியாகப் போகிறது என்பது போல, அதைப் பற்றி யாரும் தனியாகப் பேசிக்கொள்வதுகூட இல்லை.

"அதுக்குத்தான் கலெக்டர் ஆபீசுல மனு குடுத்திருக்கீங்களே," என்றார் சென்னகிருஷ்ணன். குரலில் கோபம் இல்லை. ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கறம்."

ராஜ்குமார் இடையில் வந்தான். "அது இப்ப வயல் இல்ல. லேஅவுட் போடப்போற எடம். ஓரத்துல பொணம் போற பாதை இருந்தா பக்கத்துல எவன் பிளாட்டு வாங்குவான்? அந்த நட்டத்தையும் சேத்து வெச்சுத்தான் நான் வெல சொல்லணும்." சொல்லிவிட்டு ஒரு விலையைச் சொன்னான்.

கேட்ட மாத்திரத்தில் ஜெயமணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பேங்கில் இருந்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வாங்குவதற்குச் சொன்ன விலை இல்லை அது. எழுந்து போகச் சொன்ன விலை. அது அவளுக்கே தெரிந்தது.

"சரிங்க," என்றான் திம்மராயன்.

ராஜ்குமாரின் வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது. சென்னகிருஷ்ணன் முன்னால் சாய்ந்து, காது கேட்காதவர் மாதிரி, "என்னா சொன்னீங்க?" என்றார்.

"சரின்னங்க. அந்த வெலைக்கே எடுத்துக்கறன்."

"யோசிச்சுட்டுச் சொல்லுப்பா. அவசரமில்ல."

"யோசிச்சுட்டங்க."

ராஜ்குமார் தெலுங்கில் அப்பாவிடம் ஏதோ வேகமாகச் சொன்னான். வேண்டாம் என்கிறான் என்பது ஜெயமணிக்குப் புரிந்தது. ஓசூரில் இருப்பவர்களுக்கு அந்த அளவுத் தெலுங்கு தானாக வந்துவிடும். பெரியவர் கையைத் தூக்கி அவனை அடக்கினார். "வெலய சொன்னது நீ. எங்கூட்டு நடுவுல உக்காந்து சொன்ன. வந்தவரு சரின்னுட்டாரு. இனிமே நான் மாத்திப் பேசமாட்டன்," என்று தமிழிலேயே சொன்னார். அவர் திம்மராயனைப் பார்த்த பார்வையில் பிரியம் இல்லை. பகையும் இல்லை. மரத்தின் உயரத்தை அளக்க நினைத்து, உச்சி தெரியாமல் நிற்பவனின் பார்வையாக இருந்தது.

வெளியே வந்து ரோட்டைத் தாண்டும்வரை ஜெயமணி அடக்கிக்கொண்டாள். தாண்டியதும் வெடித்தாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொன்னியா? சீட்டு வாங்குனதையும் சொல்லல, பணத்தக் கரைக்கறதையும் சொல்லல! பொண்ணுக்கு ஒரு ரூமு இல்ல. செத்தவங்களுக்கு ரோடு போடறியா?"

அவன் முன்னால் நடந்தான். வீட்டில் மணிமேகலை அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவளும் கொதித்தாள், ஆனால் வேறு காரணத்துக்கு.

"அது கவர்மெண்டு போடவேண்டிய பாதைப்பா. நம்ம உரிமைய நம்மளே காசு குடுத்து வாங்கறதா? அதுவும் அவங்க சொன்ன வெலைக்கு! நாளைக்கு எல்லா ஊர்லயும் இதையே காட்டி, நீங்களும் காசு குடுத்து வாங்கிக்கங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

"நீ சொல்றது நெசம்தாம்மா," என்றான் திம்மராயன். "நீ கேளு. வுடாம கேளு. உங்க ஆயாவும் மனு குடுத்துக் குடுத்தே செத்துச்சு. ஆனா அடுத்து சாவறவங்க ஆர்டர் வரட்டும்னு காத்திருக்கமாட்டாங்க இல்ல."

பிறகு அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். வெகுநேரம் தன் கால்களையே பார்த்தான். பெண்களுக்குச் சொல்லமாட்டோம் என்று காலனி ஆண்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஒன்றை, அன்றுதான் அவன் சொன்னான்.

நஞ்சம்மா செத்தது மழைக்காலத்தில். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. ஆண்கள் பாடையோடு கால்வாயில் இறங்கினார்கள். மேலே பெங்களூர்ப் பக்கமிருந்து அழுக்குத் தண்ணீர் வந்து, கால்வாய் நெடுக வெள்ளை நுரை ஆள் மார்பு உயரத்துக்குப் பொங்கிக் கிடந்தது. கண் எரிந்தது. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. நடுவழியில் ஒருவனுக்குக் கால் சறுக்கியது. பாடை சாய்ந்தது.

"அம்மா தண்ணிக்குள்ள போயிடுச்சு," என்றான் திம்மராயன். "நுரையில ஒண்ணும் தெரியல. ஆளாளுக்குக் கைய வுட்டுத் தேடறம். கெடைக்கல. தண்ணி வேற இழுக்குது. கடைசில எங்கால்ல ஏதோ பட்டுச்சு. கல்லுன்னு நெனச்சு மிதிச்சுட்டன்." அவன் தன் வலது பாதத்தைக் கையால் மூடிக்கொண்டான். "எங்கம்மா மேல நான் கால் வெச்சுட்டன் ஜெயா. பெத்தவள நான் காலால தேடி எடுத்தன்."

மணிமேகலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கிலருந்துதான் சீட்டு வாங்குனன். கூலி வேல செஞ்சு அந்த நெலத்த வாங்க எத்தனை ஜென்மம் ஆவும்? வேற வழி தெரியல. வுழும்னு நம்பிக்கையெல்லாம் இல்ல. வாங்குனா அன்னைக்கு மட்டும் கொஞ்சம் தூக்கம் வரும்."

ஜெயமணி அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவன். உப்புக் குறைந்தால் முகம் எப்படிப் போகும், சம்பளம் தள்ளிப் போனால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். ஆனால் அவனுக்குள் இப்படி ஒரு கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. இவன் யார் என்று நினைத்தாள். கோவில் கதவு திறக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று இறங்குமே, அது இறங்கியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அந்தக் கால்களை அவளே கழுவிவிட்டாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

பத்திரப் பதிவன்று, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் பெஞ்சில் சென்னகிருஷ்ணனும் திம்மராயனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நெருக்கியதால் தோள் இடித்தது. ரெண்டு பேரும் விலகிக்கொள்ளவில்லை. நிலம் திம்மராயன் பெயருக்கு வந்தது. சில நாளிலேயே அதைப் பொதுப்பாதைக்கு என்று பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுத்தான். பத்திரம் எழுதிய ஆள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "உங்க பேரு போட்டு ஒரு போர்டு வெக்கலாங்களே?" என்று கேட்டான். "போர்டு படிக்கவா அங்க போறாங்க?" என்றான் திம்மராயன்.

அப்பாஸ் தெரிந்தவன் ஒருவனின் ஜேசிபியைக் கூட்டிவந்தான். காலனிப் பெண்களும் ஆண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜல்லி பரப்பினார்கள், மேலே செம்மண் அடித்தார்கள். எல்லாரும் மெச்சினார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சாந்தம்மா, "கோடி ரூவா வந்தவன் இன்னும் மூட்ட தூக்கறான். பைத்தியம் புடிச்சிருக்குது," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மிச்சப் பணத்தில் வீட்டுக்குத் தளம் போட்டார்கள், மணிமேகலைக்கு ஒரு அறை கட்டினார்கள். அவ்வளவுதான். கார் வந்த தெருவில் பழையபடி கோழிகள் மேய்ந்தன. சூப்பர்வைசர் மறுபடி "ஏய்" என்று ஆரம்பித்தான். ஜெயமணி கத்திரியோடு திரும்பி நின்று, "ஜெயமணின்னு கூப்புடு," என்றாள். அவன் அப்படியே கூப்பிட்டான்.

மழை பிடித்துக் கால்வாய் நிறைந்து ஓடிய ஒரு நாள், சாந்தம்மாவின் புருஷன் செத்துப்போனான்.

பாடை கட்டினார்கள். மேளம் அடித்தார்கள். தெருமுனைக்கு வந்ததும் பெண்கள் வழக்கம்போல நின்றார்கள். சாந்தம்மா மட்டும் நிற்கவில்லை. "எதுக்கு நிக்கறது? ரோடுதான் இருக்குதே!" என்று அழுதுகொண்டே பாடைக்குப் பின்னால் போனாள். ஜெயமணி அவளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவள் பின்னால் மணிமேகலை போனாள். அப்புறம் எல்லாப் பெண்களும் போனார்கள்.

பாதையில் கால் வைத்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. தூக்கியவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்தார்கள். கால்வாய்க்குள் அப்படித்தான் போவார்கள். சீக்கிரம் கரையேறவேண்டும். அந்தப் பழக்கம் கால்களிலேயே இருந்தது. "மெல்லப் போங்கடா," என்றான் முன்கொம்பைப் பிடித்திருந்த திம்மராயன். "யாரும் தொரத்தல." வேகம் குறைந்தது. பிறகு ஒருவர் பின்னால் ஒருவராக வந்துகொண்டிருந்தவர்கள், தானாகப் பரவி, நாலைந்து பேராகத் தோளோடு தோள் சேர்ந்து நடந்தார்கள். பக்கத்தில் கால்வாய் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அதன் இரைச்சலைக் கேட்டபடி காய்ந்த காலோடு நடப்பது அவர்களுக்கே நம்பமுடியாமல் இருந்தது. இருபுறமும் பார்த்துக்கொண்டு, திருவிழாவுக்கு வந்த புது ஆட்கள் போல நடந்தார்கள்.

பாதி தூரத்தில் எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. ராஜ்குமார் ஓட்டினான். பக்கத்தில் சென்னகிருஷ்ணன். சுடுகாட்டுப் பக்கம் லேஅவுட்டுக்குக் கல் நட்ட இடத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பாதை வழியாகவே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பொதுப்பாதைதானே, யார் வேண்டுமானாலும் வரலாம்.

பாடை நின்றது. கார் நின்றது. ஒதுங்க இரண்டு பக்கமும் இடமில்லை. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் லேஅவுட்டுக்குப் போட்டிருந்த கம்பி வேலி. திருப்பவும் அகலம் போதாது. மேளம் தானாக அடங்கியது. ராஜ்குமார் ஹாரனில் கை வைத்தான். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து எடுத்ததைக் கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஏதோ சொன்னார்.

கார் பின்னால் நகரத் தொடங்கியது. ரிவர்ஸ் எடுத்தால் ஏதோ பாட்டு பாடும் கார் அது. கீச்சுக் குரலில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் இழவு வீட்டுக் கூட்டத்திலேயே சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மறுபடி அடித்தார்கள். பாடை முன்னால் போகப் போக, கார் முகம் காட்டியபடியே பின்னால் போனது. திம்மராயன் வேகம் கூட்டவில்லை. கார் போகிற போக்குக்கு நடந்தான். அவன் முகத்துக்கு நேரே கண்ணாடிக்குள் சென்னகிருஷ்ணனின் முகம் இருந்தது. அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை. பாடையையே பார்த்தார்.

பாதை முடிந்து அகலமான இடம் வந்தபோது அது சுடுகாடாக இருந்தது. காரை ஒதுக்க அங்கேதான் இடம் கிடைத்தது. ஒதுக்கினாலும் வெளியே போக வழியில்லை. வந்த பாதை முழுக்க ஜனம் நின்றது. சென்னகிருஷ்ணன் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றார். யாரும் அவரை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ராஜ்குமார் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டு அவனும் இறங்கி வந்து அப்பா பக்கத்தில் நின்றான். சடங்கு மெதுவாக நடந்தது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். பெண்களும் போட்டார்கள்.

ஜெயமணி அந்த இடத்தை வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தாள். கொஞ்சம் மேடான நிலம், முள்செடிகள், மண்மேடுகள். அவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டிலிருந்து அணைத் தண்ணீர் தூரத்தில் மினுங்கியது தெரிந்தது. அதற்கு அப்பால் கம்பெனிகளின் நீலக் கூரைகள், அவற்றுக்கும் மேலே மேகம் பிளந்து இறங்கிய வெளிச்சம். திரும்பிப் பார்த்தாள். கால்வாய் ஓரமாகப் பாதை நேராகக் கிடந்தது. மழை பெய்த ஈரத்தில் செம்மண் பளபளத்தது. அதன் மேல் இத்தனை பேரும் நடந்து வந்த கால் தடங்கள் இருந்தன. எது யாருடையது என்று சொல்லமுடியாதபடி அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன.

எல்லாம் முடிந்து ஜனம் கலைய வெகுநேரம் ஆனது. யாருக்கும் அவசரம் இல்லை. பெரியவர் மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார்.